ஏழாவது உறுப்பினரின் தியாகம்

நாட்டில் பணமுடை வந்துவிட்டது என்று அரசுக்கே தெரிந்துபோன வருடத்தில், பணமுள்ளவர்களிடம் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடுதல் வரி கேட்கலாமா என்று ஒரு யோசனை எழுந்தது. மற்றவர்களிடம் கேட்பதற்கு இப்படியெல்லாம் யோசிப்பதில்லை. உப்புக்கும் சோப்புக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் ஒரே நாளில் ஏற்றிவிட்டு மறுநாள் பேப்பரில் போட்டுவிடுவார்கள். பணமுள்ளவர்கள் அப்படியல்ல, மென்மையானவர்கள். திடுதிப்பென்று கேட்டால் அதிர்ந்துவிடுவார்கள். ஆகவே, அவர்களிடம் கேட்கலாமா என்று ஆராய்ந்து சொல்ல ஒரு குழு போட்டார்கள். நெருக்கடிக் காலக் கூடுதல் வரி ஆய்வுக் குழு என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டிவிடும். குழுவுக்கு இடம் ஒதுக்கியதோ வரித்துறைக் கட்டடத்தின் ஏழாவது மாடியில்.

அந்த லிஃப்டை இருபத்து நான்கு வருடமாக ஓட்டியவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். பொத்தானை அமுக்கினால் போகிற ரகமல்ல அது. இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவும் வலப்பக்கம் ஒரு பித்தளைக் கைப்பிடியும் உள்ள கிழட்டு யந்திரம். கைப்பிடியை ஒரு நொடி முந்தி விட்டால் தளத்துக்கு நாலு விரல் கீழே நிற்கும், பிந்தி விட்டால் நாலு விரல் மேலே. அவர் கைக்கு மட்டும் அது தரையோடு தரையாக வந்து நின்றது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் "பார்த்துக் கால் வைங்க" என்பார். இருபத்து நான்கு வருடத்தில் ஒருவரும் தடுக்கி விழுந்ததில்லை. ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்ததும் இல்லை.

முதல் கூட்டத்தன்று தலைவரும் செயலாளரும் லிஃப்டில் ஏறினார்கள். தலைவர் ஓய்வுபெற்ற பிறகு பதினோரு குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர். பதினோரு முறையும் 'மேலும் ஆராய வேண்டும்' என்று துணிந்து பரிந்துரைத்தவர். நாலாவது மாடி தாண்டும்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. விதிப்படி உறுப்பினர்கள் ஏழு பேர் அல்லவா, ஆறு பேர்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? செயலாளர் கோப்பைப் புரட்டினார். ஏழாவது இடத்தில் 'சாதாரணக் குடிமகன் ஒருவர், பெயர் பின்னர்' என்றிருந்தது. பின்னர் என்பது வராமலே போய்விட்டது. அந்த ஒருவர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. மேலே பத்திரிகைக்காரர்கள் வேறு காத்திருந்தார்கள். செயலாளர் இடப்பக்கம் பார்த்தார், சுவர் இருந்தது. வலப்பக்கம் பார்த்தார், லிஃப்ட்காரர் இருந்தார்.

"அண்ணே, நீங்க சாதாரணமான ஆளுதானே?"

"ஆமாங்க."

"நிச்சயமா?"

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். மாற்றிச் சொல்ல எதுவும் அகப்படவில்லை.

ஆனால் அரசாங்கத்தில் வாய்வார்த்தை செல்லுமா? சாதாரணமானவர் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும், ஐந்து வருடமாவது அவரை நேரில் அறிந்த மேலதிகாரி கையெழுத்திட வேண்டும் என்றார்கள். லிஃப்ட்காரர் மாடி மாடியாக ஏறி இறங்கினார். தினமும் நாலு தடவை அவரோடு பயணம் செய்த அதிகாரிகள் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, எந்தப் பிரிவில் வேலை என்று விசாரித்தார்கள். கடைசியில் ஐந்தாவது மாடி அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். 'மேற்படி நபரை இருபது வருடமாகத் தினமும் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆகவே இவர் சாதாரணமானவர் என்று உறுதியளிக்கிறேன்' என்று எழுதி முத்திரை குத்தினார். குழு அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் ஓர் அரசு மகளிர் கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் வருடம். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு அப்பால் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். அரசு விடுதியில் தங்கிப் படித்தாள். அந்த விடுதியின் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது: நெருக்கடியால் நிதி இல்லை, கூடுதல் வரி வந்தால் விடுதி நடக்கும், வராவிட்டால் பருவத் தேர்வுக்கு முன்பே மூடப்படும்.

"அப்பா, உங்க கையில ஒரு ஓட்டு இருக்கு" என்றாள். "நாப்பத்தோரு பேரு படிப்பு அதுல தொங்குது. வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு உக்காந்திராதீங்க."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தாள். "உப்புக்கு வரி போட்டப்ப உங்க அப்பாவ யாரு கேட்டா? இப்பக் கேக்கறாங்கன்னா உள்ள என்னமோ இருக்கு."

லிஃப்ட்காரருக்கு அது பொறாமைப் பேச்சாகத் தோன்றியது.

குழு கூடியது. முதல் மூன்று மாதம், நெருக்கடி என்று ஒன்று உண்டா என்பதை ஆராய்ந்தார்கள். வளர்ச்சி நிபுணர் என்று ஒருவர் இருந்தார். நெருக்கடி என்பது ஒரு மனநிலை, மனம் விட்டுச் சிரித்தால் பாதி போய்விடும் என்று அறுபது பக்கத்தில் நிரூபித்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்து, முந்திரி பிஸ்கட் கடித்தபடி மக்களின் துயரத்தைப் பேசினார்கள். சிக்கனம் கருதி பிஸ்கட் ஆறு பேருக்கு மட்டும் என்று இரண்டாவது கூட்டத்தில் தீர்மானமாயிற்று.

ஏழாவது உறுப்பினர் ஆகிவிட்டார் என்பதற்காக லிஃப்ட்காரர் லிஃப்டை விட்டுவிட முடியுமா? மாற்று ஆள் போட நிதி ஏது? ஆகவே அவருக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். மணி அடித்தால் எழுந்து போவார், ஆளை ஏற்றி வந்து விட்டுவிட்டு மறுபடி உட்காருவார். 'ஏழாவது உறுப்பினர் இடையில் வெளிநடப்புச் செய்தார்' என்று குறிப்பேட்டில் ஏறும். ஒரே கூட்டத்தில் பதினாறு வெளிநடப்பு செய்த நாளும் உண்டு. விவாதமெல்லாம் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. 'ஏழைகள்மீது எங்களுக்கு இருக்கும் அளவற்ற' என்பது வரை கேட்டுவிட்டு இறங்குவார். திரும்பி வரும்போது 'ஆகவே அது இயலாது' என்று முடித்துக்கொண்டிருப்பார்கள்.

நாலாவது மாதம், செல்வந்தர் என்றால் யார் என்ற கேள்விக்கு வந்தார்கள். குழுவிலேயே ஒரு சிமெண்ட் ஆலை முதலாளி உறுப்பினராக இருந்தார். வரி விஷயத்தில் நெடுநாள் அனுபவம் உள்ளவர், அதாவது கட்டாமல் இருந்த அனுபவம். அவர் எழுந்தார்.

"என்னைப் பணக்காரன்னு சொல்றாங்க. என்கிட்ட என்னங்க இருக்கு? வீடு கம்பெனியோடது. கார் கம்பெனியோடது. கம்பெனி பேங்க்கோடது. பேங்க்கு யாரோடது? மக்களோடது. அப்ப யாரு பணக்காரங்க? மக்கள்தான். அவங்ககிட்ட ஏற்கெனவே வாங்கிட்டீங்க. ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவை வரி வாங்கறது நியாயமா?"

தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். சிமெண்ட்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நெருக்கடி என்னையும் விடலை. ஆலையில நூத்தறுவது பேரை நிறுத்தினேன். ஒவ்வொருத்தரும் வந்து அழுதாங்க. அவங்கவங்களுக்கு அவங்கவங்க வீட்டுக் கஷ்டம் ஒண்ணுதான். நூத்தறுவது கஷ்டத்தையும் உக்காந்து பாத்தவன் நான் ஒருத்தன். இதுக்கு மேல என்கிட்ட வரியும் கேட்டா எப்படிங்க?"

செயலாளர் குறிப்பேட்டில் 'கஷ்டம்: நூற்று அறுபது' என்று எழுதிக்கொண்டார்.

பொருளாதாரப் பேராசிரியை ஒருவர் மட்டும் இந்தச் சமயங்களில் பேனாவைத் தட்டிக்கொண்டிருப்பார். அவரும் ஓய்வுபெற்ற இரண்டு அதிகாரிகளும் வரி வேண்டும் என்ற கட்சி. தலைவர், சிமெண்ட்காரர், வளர்ச்சி நிபுணர் மூவரும் வேண்டாம் என்ற கட்சி. மூன்றுக்கு மூன்று. தராசு முள் சரியாக நடுவில் நிற்க, ஏழாவது உறுப்பினர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டிய சங்கடம் குழுவுக்கு வந்துவிட்டது.

மகள் இரண்டு பக்கத்துக்குப் புள்ளிவிவரம் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு வாரம் மனப்பாடம் செய்தும், எழுந்து நின்றதும் எல்லாம் கரைந்துவிட்டது. லிஃப்ட்காரர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"ஐயா, பாரம் அதிகமாயிட்டா லிஃப்ட் கிளம்பாதுங்க. அப்ப நான், மூட்டை வச்சிருக்கறவரைப் பாத்துத்தான், கொஞ்சம் இறக்கி வைங்கன்னு சொல்லுவேன். கைய வீசிட்டு நிக்கற சின்னப் புள்ளைய இறக்கி விட்டா ஒண்ணும் ஆவாதுங்க. லிஃப்ட் அப்படியேதான் நிக்கும்."

பேராசிரியையின் பேனா நின்றது. தலைவர் நெகிழ்ந்துவிட்டார். இத்தனை குழுக்களில் இப்படி ஒரு சொல்லைத் தான் கேட்டதில்லை என்றும், இது நேராக இதயத்தைத் தொட்டதால் குறிப்பேட்டில் ஏற்ற வழியில்லை என்றும் சொன்னார். சிமெண்ட்காரர் அன்பாக, வீட்டில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். இருபத்து நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. லிஃப்ட்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மகள் படிப்பை, மார்க்கை, அரசு விடுதியில் தங்கியிருப்பதை, ஒன்று விடாமல் சொன்னார்.

சிமெண்ட்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். பதினாலாவது விதி: தீர்மானத்தால் சொந்த லாபம் அடையக்கூடியவர் வாக்களிக்கக் கூடாது. வரி வந்தால் விடுதி நடக்கும். விடுதி நடந்தால் ஏழாவது உறுப்பினரின் மகள் சாப்பிடுவாள். அப்பட்டமான சுயநலம்.

அப்படியானால் வரி கட்ட வேண்டியவருக்குச் சுயநலம் இல்லையா என்று பேராசிரியை கேட்டார்.

"வரி கட்டினா அவருக்கு நஷ்டம்தானேம்மா?" என்றார் தலைவர், பொறுமையாக. "விதியில லாபம்னுதான் போட்டிருக்கு. நஷ்டம் எப்படி லாபமாகும்? நீங்க பொருளாதாரம் படிச்சவங்க."

அன்று கூட்டம் முடிந்து எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, கடைசி நடையில் செயலாளர் மட்டும் வந்தார். ஐந்துக்கும் நாலுக்கும் நடுவே லிஃப்டை நிறுத்தச் சொன்னார். லிஃப்ட்காரரின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"அண்ணே, நானும் இதே மாதிரி விடுதியில தகரப் பெட்டியோட வந்து நின்னு படிச்சவன். எங்க அப்பா கொத்து வேலை. உங்க ஓட்டு வீணாப் போறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலை" என்றார். பிறகு வழியைச் சொன்னார். மகள் விடுதி உதவி வேண்டாம் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். பேப்பரில் மட்டும். அதன்பின் ஏழாவது உறுப்பினருக்கு எந்த லாபமும் இல்லை, தாராளமாக வாக்களிக்கலாம். நாலுக்கு மூன்று என்று வரி நிறைவேறிவிடும். மறுநாளே அவளைத் திரும்பச் சேர்த்துவிடுவது தன் பொறுப்பு.

"என்னை நம்புங்கண்ணே."

படிவத்தை அவரே நிரப்பி வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

லிஃப்ட்காரர் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனார். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து மகள் படிவத்தை இரண்டு தரம் படித்தாள்.

"உதவி இனித் தேவையில்லைன்னு போட்டிருக்கு. தேவையில்லைன்னா அப்புறம் எதுக்குப்பா வரி கேக்கறோம்?"

நமக்குத் தேவையில்லை என்று சொன்னால்தான் மற்றவர்களுக்காகக் கேட்க முடியுமாம் என்று, செயலாளர் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார். சொல்லும்போது அவருக்கே அது கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போவதுபோல்தான் இருந்தது.

"அந்த ஆளு நல்லவரா?"

"நம்மள மாதிரி வீட்டுலேர்ந்து வந்தவரும்மா."

"நான் கேட்டது அது இல்லப்பா."

மாடிப்படியில் இரண்டு பெண்கள் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். மகள் அவர்களைச் சற்று நேரம் பார்த்தாள். பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வாக்கெடுப்பு நாளன்று லிஃப்ட்காரர் சலவைக்குப் போட்டு எடுத்த சீருடையில் வந்தார். சுயநலம் துளியும் இல்லாத மனிதராக ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாக்கெடுப்புக்கு முன் புதிய ஆதாரம் ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார். செயலாளர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அது என்ன தாள் என்று லிஃப்ட்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நமது ஏழாவது உறுப்பினரின் அருமை மகள், அரசு உதவி தமக்கு இனித் தேவையில்லை என்று கைப்பட எழுதித் தந்திருக்கிறார்" என்று தலைவர் படித்தார். "ஒரு லிஃப்ட்காரரின் மகளுக்கே தேவையில்லை என்றால், வேறு யாருக்குத்தான் தேவை? நெருக்கடியை ஏழைகளே வென்றுவிட்டார்கள். இந்த வேளையில் செல்வந்தர்களிடம் வரி கேட்பது, இந்தப் பெண்ணின் தியாகத்தை விலைபேசுவதாகும்."

பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழைகளின் தன்மானத்தைத் தாம் இத்தனை நாள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகவும், ஆகவே தமது வாக்கை மாற்றிக்கொள்வதாகவும் சொன்னார். நாலுக்கு இரண்டு. லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார். முடிவு தெரிந்த பிறகு அவரைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கைக்கு அவமரியாதை நேர்ந்துவிடக் கூடாதே என்று சிமெண்ட்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மனமுவந்து விட்டுக்கொடுக்கும் இந்த நல்வாய்ப்பு ஒரு பெண்ணோடு நின்றுவிடலாகாது, எல்லா அரசு விடுதிகளுக்கும் அதே படிவத்தை அனுப்ப வேண்டும், அச்சிடும் செலவைத் தன் ஆலையே ஏற்கும். அந்தச் செலவைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மணி அடித்ததால் லிஃப்ட்காரர் எழுந்து போனார். 'வெளிநடப்பு' என்று குறிப்பேட்டில் ஏறியது.

செயலாளர் அன்றும் கடைசி நடையில்தான் வந்தார். வேறொரு துறைக்கு, உயர்ந்த பதவிக்கு மாற்றலாகியிருந்தார்.

"தம்பி, புள்ளைய எப்பத் திருப்பிச் சேப்பீங்க?"

செயலாளர் கதவுக் கம்பிகளுக்கு வெளியே ஓடும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேவையில்லைன்னு எழுதிக் கொடுத்தவங்களை எந்த விதியில சேக்கறதுன்னு பாக்கணும்ணே."

"நீங்கதானே எழுதினீங்க?"

"கையெழுத்து உங்க பொண்ணோடதுல்ல?" என்றார் அவர், வருத்தத்தோடுதான். "அறிக்கையில உங்களைப் பத்தி ஒரு முழுப் பத்தி வருது. பிரதி ஒண்ணு அனுப்பச் சொல்றேன்."

அன்று லிஃப்ட் தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. செயலாளர் படித்தவர், பார்த்துத்தான் கால் வைத்தார்.

மகளின் அறையைக் காலி செய்ய ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. லிஃப்ட்காரர் மறுபடி மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனார். விடுதிக் கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேசையில் புதுப் படிவங்கள் கட்டுக் கட்டாக இருந்தன, பளபளப்பான தாள். ஓரத்தில் சிமெண்ட் ஆலையின் சின்னம். நிரப்பத் தெரியாதவர்கள் பார்த்து எழுதுவதற்காக ஒரு மாதிரிப் படிவம் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் இருந்தது அவர் மகளின் கையெழுத்து. மனமுவந்து கையெழுத்திடுபவர்களுக்குத்தான், சேரும்போது வாங்கி வைத்த சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்களாம். சான்றிதழ் இல்லாமல் வேறெங்கும் சேர முடியாது. ஆகவே எல்லோரும் மனமுவந்து நின்றார்கள்.

விடுதிக் காப்பாளர் அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பேப்பரில் படம் வந்திருந்தது. குழு உறுப்பினரே நேரில் வந்திருக்கும்போது பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லாமல் போகலாமா என்று, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஸ்டூல் அல்ல, நாற்காலி.

லிஃப்ட்காரர் உட்காரவில்லை. நாற்பது முகங்களும் அவரைத்தான் பார்த்தன. இத்தனை பேர் தன் முகத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"யாரும் கையெழுத்துப் போடாதீங்கம்மா" என்றார். "எம்பொண்ணு எழுதினது பொய். எங்களுக்குத் தேவை இருந்துச்சு. இன்னைக்கும் இருக்கு. ஓட்டுப் போட விடறேன்னு சொன்னாங்க. அதான் போட வச்சேன்."

காப்பாளர் அம்மாள் பதிவேட்டைத் திறந்து, 'சிறப்பு விருந்தினர் உரையாற்றினார். மாணவியர் பயன் பெற்றனர்' என்று எழுதிக்கொண்டார்.

வரிசையின் முன்னால் நின்ற பெண், பேனாவைத் திறந்து பிடித்தபடியே கேட்டாள். "இவங்க இப்படிச் செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? அந்தக் கட்டடத்துலதானே இத்தனை வருஷம் இருந்தீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பார். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மகள் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவர் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடிக்கப் போனார். அவள் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவரைக் கேக்காதடி" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நம்பிட்டாரு."

குடிச்சிட்டாரு என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. அவளுக்கும் ஓர் அப்பா இருந்தார். அவள் குனிந்து, சுவரில் இருந்ததைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.